பதினான்கு கிணறுகள்

தஞ்சாவூர்
12.8.2025

அன்புள்ள தஹ்மீனா,

நலமா? இத்தனை வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். மூன்று முறை போன் செய்தேன். நான்காவது முறை மணியே அடிக்கவில்லை. நீ என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று என் மகள் சொன்னாள். உன்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். அவளிடம்தான் உன் பள்ளி முகவரியை வாங்கினேன். "எங்க தஹ்மீனா மிஸ் மாதிரி யாரும் நடத்த முடியாது மேம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். நாம் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து இந்த வருடத்தோடு இருபத்தைந்து ஆண்டுகள். செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிக் கலையரங்கத்தில் வெள்ளி விழா. நான்தான் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர். 'சாதனைச் சுவடுகள்' என்று ஒரு மலர் போடுகிறோம். ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம்: வேலை, பதவி, விருது, குடும்பம், ஒரு புகைப்படம். நம் வகுப்பில் பதினெட்டுப் பேர். பதினேழு பேருடைய குறிப்பு வந்துவிட்டது. உன்னுடையது மட்டும்தான் பாக்கி.

நம் வகுப்பு இவ்வளவு தூரம் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? இரண்டு பேர் கல்லூரி முதல்வர்கள். ஒருத்தர் ஹூஸ்டனில் பெரிய பதவி. இந்த வருடத்துச் சிறந்த முன்னாள் மாணவர் விருதும் நம் இளஞ்செழியனுக்குத்தான். அவருடைய சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் ஐந்து மாநிலங்களில் நடக்கிறது. அழைப்பிதழையும் விருதுப் பாராட்டுரையின் நகலையும் படிவத்தோடு வைத்திருக்கிறேன்.

பழையதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்காதே. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நீயும் வர வேண்டும்.

அன்புடன்,
பூர்ணிமா


அதிராம்பட்டினம்
19.8.2025

பூர்ணிமா,

படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பணி: பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் ஆசிரியை. விருதுகள்: ஒரு கோடு போட்டிருக்கிறேன். சாதனைகள் என்ற இடத்தில் எழுதியிருப்பது இது: 'என் பெயரில் ஒரு பொய் அரசாங்கக் கோப்பில் இருபத்தைந்து வருடமாக உயிரோடு இருக்கிறது.' திருத்தாமல் அச்சிடு.

பாராட்டுரையை ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே படித்தேன். 'மாணவப் பருவத்திலேயே கடைமடைக் கிராமமான தாழங்காட்டின் பதினான்கு கிணறுகளை ஆராய்ந்து, நீர்வள ஆய்வில் முன்னோடியாகத் திகழ்ந்தவர்' என்ற வரி வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். வாய்க்குள் ஏதோ அழுகியதைப் போட்டது மாதிரி இருந்தது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன். மிகைப்படுத்தவில்லை.

அந்தப் பதினான்கில் ஒன்றையாவது இளஞ்செழியன் எட்டிப் பார்த்திருப்பானா? ஏழு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், கல்லணைக் கால்வாயின் கடைசிக் கிளை வாய்க்கால் கரையில் இரண்டு மைல் நடந்தவள் நான். கயிறும் பாட்டில்களும் என் பையில் இருந்தன. அவன் அந்த ஏழு மாதமும் விடுதியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். இது உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

போனில் பேச மாட்டேன். பேசினால் நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்பாய். சொல்ல வேண்டியது இருந்தால் காகிதத்தில் எழுது.

தஹ்மீனா


தஞ்சாவூர்
25.8.2025

அன்புள்ள தஹ்மீனா,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் கடிதத்தின் தொனி எனக்கு வருத்தமாக இருந்தது.

விருது விழாக் குழு எடுத்த முடிவு. பாராட்டுரையை நான் எழுதினேன் என்பது உண்மைதான். ஆனால் அவர் அனுப்பிய பயோடேட்டாவில் இருந்ததைத்தான் எழுதினேன். அழைப்பிதழ் இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. வேண்டுமானால் விழாவில் வாசிக்கும்போது 'சக மாணவியரோடு இணைந்து' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். முதல்வரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

உன் படிவத்தில் எழுதியிருப்பதை அப்படியே போட முடியாது. மலர் என்பது எல்லோரும் மகிழ்ச்சியாகப் பார்க்கிற விஷயம். 'இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான மாணவியரை உருவாக்கியவர்' என்று போடலாமா? அதுவும் பெரிய சாதனைதானே?

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நம் துறைக்குப் புதிய ஆய்வகம் கட்டித் தருகிறார் இளஞ்செழியன். இப்போது இருக்கிற ஆய்வகத்தை நீ பார்த்தால் அழுதுவிடுவாய். மழை பெய்தால் பிள்ளைகள் வாளி வைத்துக்கொண்டுதான் செய்முறை செய்கிறார்கள். ஒரு மனிதன் நல்லது செய்கிற நேரத்தில் எப்போதோ நடந்ததைக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்?

நீ பிஎச்.டி.க்குப் பதிவு செய்யாமல் ஊருக்குப் போனது உன் முடிவு. அதற்கு மற்றவர்கள் என்ன செய்ய முடியும்?

பூர்ணிமா


அதிராம்பட்டினம்
2.9.2025

பூர்ணிமா,

கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். என் முடிவு என்கிறாய். அப்படியென்றால் அது எப்படி என் முடிவானது என்பதை எழுதுகிறேன். நீ அந்த இடத்தில் இல்லை. இருக்கவே கூடாது என்று பார்த்துக்கொண்டாய்.

2000 அக்டோபர். தாழங்காட்டின் கிழக்கே நான்கு வருடமாக இறால் குட்டைகள் இருந்தன. கம்பெனி அதைத் தெற்கேயும் விரிக்க அனுமதி கேட்டது. பள்ளிக்கூட வளாகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். குட்டைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறெல்லாம் கரிக்கிறது என்று ஊர் சொன்னது. அதற்குச் சாட்சியாக என்னை அழைத்தவள் பூவம்மாள். முதல் கிணறு அவளுடையது. ஏழு மாதமும் எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவள். ஒரு சனிக்கிழமை கூட என்னைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பியதில்லை.

கம்பெனியின் அறிக்கையை அதிகாரி வாசித்தார். 'இவ்வூரின் பதினான்கு கிணறுகளை ஆராய்ந்த மாணவி தஹ்மீனாவின் முடிவுப்படி தண்ணீர் நெல்லுக்கும் குடிப்பதற்கும் ஏற்றது.' கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து, "அது என் அளவு இல்லைங்க" என்றேன். அந்த அறிக்கையைத் தயாரித்த ஆபீசில் இளஞ்செழியன் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மேடைக்குப் பக்கத்திலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வந்தான். கூடப் படித்தவன். என்னைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றேன். என் கையெழுத்துதான். வாப்பாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம், கையால் எழுதிய பக்கங்களையும் குறிப்பேட்டையும் உன்னிடம் டைப் செய்யக் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்கான வெற்றுத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். பைண்டிங் ஆகி வந்ததை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்போது வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் ஆகியிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். பதினான்கு கிணறும் சுத்தம்.

பூவம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். "நான் எறச்சுக் குடுத்த தண்ணிதானடி அது. நீ நாக்குல வச்சுப் பாத்து, கரிக்குதுக்கான்னு சொல்லலியா? எங்க வூட்டுச் சோறு தின்னுட்டு யாருகிட்ட வெல போன?" என்றாள். துப்பினாள். கன்னத்தில் விழுந்தது.

துறைத்தலைவரிடம் போனேன். 'உன் ஆய்வேட்டையே நீ பொய் என்கிறாய், உன்னை யாரம்மா பிஎச்.டி.க்கு எடுப்பார்கள்?' என்றார். குறிப்பேட்டைக் கேட்டேன். துறையில் தொலைந்துவிட்டது என்றார்கள். பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நீ சொன்னாய்: "நீ எழுதிக் குடுத்தத அப்படியேதான்டி டைப் பண்ணேன்."

அந்த ஒரு வாக்கியத்தோடு நான் இருபத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன். இளஞ்செழியன் மாற்றியிருப்பான் என்று ஒரு நாள் நினைப்பேன். ஆஸ்பத்திரி அலைச்சலில் நானே தப்பாக எழுதிவிட்டேனோ என்று மறுநாள் நினைப்பேன். இன்றைக்கும் கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதினால் மூன்று தடவை சரிபார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஒரே கேள்வி. என் கையெழுத்தில் முதல் கிணற்றுக்கு எதிரே என்ன எண் இருந்தது?

தஹ்மீனா


தஞ்சாவூர்
14.9.2025

தஹ்மீனா,

4.6.

இந்த எண்ணை எழுதிவிட்டு ஐந்து நாள் இந்தக் காகிதத்தை மேசைக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். 4.6, 5.1, 3.9, 6.2. பதினான்கு கிணற்றின் உப்பு அளவும் மூன்றுக்கு மேல். மூன்றைத் தாண்டினால் நெல் கருகும் என்று நமக்கு வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். துறையில் ஒரே ஒரு கணினி. நான் இரண்டாவது அத்தியாயம் அடித்துக்கொண்டிருந்தபோது இளஞ்செழியன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஆபீசில் அவருக்கு வேலை அப்போதே உறுதியாகியிருந்தது. "பூர்ணிமா, அவ மீட்டர்ல ஏதோ கோளாறு. புள்ளிய ஒரு எடம் தள்ளிப் போட்டா சரியா வந்துரும்" என்றார். எனக்கு மீட்டரில் கோளாறு இல்லை என்று தெரியும். அதை முந்தின மாதம் சரிபார்த்துக் கொடுத்ததே நான்தான். "துறைத்தலைவர்கிட்ட கேட்டுட்டீங்களா?" என்றேன். "அவருதான் சொன்னாரு" என்றார். அது உண்மையா என்று நான் போய்க் கேட்கவில்லை.

4.6 ஐ அழித்து 0.46 என்று அடித்தேன். பதினான்கு தடவை. கூடவே உன் முடிவுரையையும் அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அவர் எழுந்து போகும்போது, "நீ நம்பிக்கையான ஆளு" என்றார். ஜூன் மாதம் எனக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை வந்தது. துறைத்தலைவரிடம் என்னைப் பற்றி அவர்தான் சொன்னாராம். அந்த வேலைதான் இன்றைக்கு இணைப் பேராசிரியர் வரை வந்திருக்கிறது.

உன் குறிப்பேடு தொலையவில்லை. என்னிடம் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னார். பழைய புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு வீடு மாறும்போதும் முதலில் அதைத்தான் எடுத்து வைத்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. உனக்காக என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பூர்ணிமா


அதிராம்பட்டினம்
18.9.2025

உன்னைச் சொல்வதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இருக்கிற வார்த்தைகளை உன் மேல் செலவழிக்கவும் மனம் இல்லை.

என் எண் சரி. அது போதும். நேற்று வகுப்பில் ஒரு எண்ணை ஒரே தடவை எழுதினேன்.

28ஆம் தேதி ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கப் போவது நீதானே? பாராட்டுரையை வாசிக்கப் போவதும் நீதானே? என்ன வாசித்தாய் என்று எழுது.

தஹ்மீனா


தஞ்சாவூர்
30.9.2025

தஹ்மீனா,

வாசித்தேன்.

ஒரு வார்த்தையும் மாற்றாமல் வாசித்தேன். வாசிக்க மாட்டேன் என்று சனிக்கிழமை முழுக்க நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு வருஷம் இருக்கு, யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், நீ கேட்டதால். நுழைவாயிலில் இருபதடி பேனர். சந்தனம், கற்கண்டு, ரோஜாப்பூ. ஒவ்வொருவரும் அடுத்தவருடைய பதவியை விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். ஹூஸ்டன்காரர் மேடையில் இருபது நிமிடம் தன்னுடைய காப்புரிமைகளைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பழைய துறைத்தலைவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். இளஞ்செழியன் குனிந்து அவர் காலைத் தொட்டார். புகைப்படக்காரர் 'இன்னொரு தடவை சார்' என்றதும் திரும்பவும் குனிந்து தொட்டார்.

நான் தாழங்காடு என்று வாசித்தபோது என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பழகியிருக்கிறேன். பொன்னாடையை எடுத்து நீட்டினேன். அவர் தலையைச் சாய்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லா எழுதியிருக்க பூர்ணிமா. நீ எப்பவுமே நம்பிக்கையான ஆளு" என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே அவர். இறால் வறுவலை இலையில் வைத்தார்கள். அவர் இறாலின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்தேன். எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். பித்தம் என்று ஒருத்தி எலுமிச்சம்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மலரில் உனக்கு ஒரே ஒரு வரி: 'தஹ்மீனா, ஆசிரியை, அதிராம்பட்டினம்.' நீ எழுதியதைப் போடவில்லை.

நேற்றுச் செயலாளர் பதவியிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்துவிட்டேன். இதையெல்லாம் பெரிதாகச் சொல்லவில்லை. வாசித்துவிட்டுத்தான் விலகினேன்.

பூர்ணிமா


அதிராம்பட்டினம்
6.10.2025

பூர்ணிமா,

நீ வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தபால்காரர் வரும்வரை வேறு மாதிரி ஒரு கடிதம் வருமோ என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்ததற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீ அழகாக எழுதுகிறாய். வாந்தியைக்கூட. அதைப் படித்து நான் உன்னைத் தேற்ற வேண்டும் என்று எங்கோ ஒரு மூலையில் உனக்கு ஆசை இருக்கிறது. தேற்ற மாட்டேன். இனிமேல் இந்த மாதிரிக் கடிதங்களை எனக்கு எழுதாதே. விலாசம் தப்பு.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. என்னிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் தாழங்காட்டுக்காரி. அவள் அப்பா போன வாரம் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். இறால் கம்பெனி இப்போது மேற்கே வருகிறது. மிச்சம் இருக்கிற நெல் வயலும் குடிதண்ணீர் ஊருணியும் இருக்கிற பக்கம். நவம்பர் 12, கருத்துக் கேட்புக் கூட்டம். அறிக்கை தயாரித்தது இளஞ்செழியனின் நிறுவனம்.

அறிக்கையையும் வாங்கிப் படித்தேன். தாழங்காட்டு நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது 2018 கஜா புயலில் கடல் உள்ளே வந்ததால்தானாம். அதற்கு முன்பு, குட்டைகள் வந்து நான்கு வருடம் ஆன பிறகும், ஊர்க் கிணறெல்லாம் நல்ல தண்ணீராகவே இருந்ததாம். ஆதாரம் என்ன? பின்னிணைப்பு ஐந்து. தஹ்மீனா, எம்.எஸ்ஸி. ஆய்வேடு, 2000. நீ டைப் செய்த பதினான்கு எண்கள்.

பழசைக் கிளறாதே என்று எழுதினாயே. பழசு கிடக்கிற இடத்தில் கிடக்கவில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறது.

பூவம்மாள் உயிரோடு இருக்கிறாள். தாழங்காடு, கீழத்தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. உன் கடிதங்களுக்குச் சரியான விலாசம் அதுதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீ நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

தஹ்மீனா


தஞ்சாவூர்
16.10.2025

தஹ்மீனா,

போனேன். 11ஆம் தேதி, சனிக்கிழமை. இந்தத் தடவை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து பஸ். இறங்கியதிலிருந்து ஒரே வெள்ளை மண். தூரத்தில் குட்டைகளில் தண்ணீரைச் சுழற்றும் சக்கரங்களின் சத்தம். அழுகல் வாடை சேலையில் ஏறிக்கொண்டது. பூவம்மாள் வீட்டில் இல்லை. இறால் கொட்டகையில் தலை கிள்ளுகிற வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மணிக்கு வந்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

நான் யார் என்று சொன்னேன். செய்ததைச் சொன்னேன். எழுதி வைத்து ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருந்துச்சு. மாத்துனது நான்தாங்க" என்றேன்.

 அவள் கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து பாரு" என்றாள்.

பார்த்தேன்.

"சீயக்கா போட்டாலும் போவல, சோப்புப் போட்டாலும் போவல. இந்தக் கையாலதான் சோறு திங்கிறேன். எனக்கு ஒண்ணே கால் மா நெலம் இருந்துச்சு. நடவுக்கு நான் பத்துப் பேரக் கூப்புடுவேன். இப்ப என்னைய ஒருத்தன் விசில் அடிச்சுக் கூப்புடுறான்."

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"மன்னிச்சா நெலத்துல உப்பு எறங்கிருமா?" என்றாள். அப்புறம், "அந்தப் பட்டணத்துப் பொண்ணு மூஞ்சில துப்புனேன். அது ஒரு வார்த்த திருப்பிப் பேசல. தொடச்சுக்கிட்டு நின்னுச்சு. அது உம் மேல விழுவ வேண்டிய எச்சி. இப்ப துப்பலாம்னா வாயி காஞ்சு கெடக்கு" என்றாள்.

நான் குறிப்பேட்டைக் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் நீ வரைந்திருந்த வரைபடத்தில் அவளுடைய கிணற்றையும் பக்கத்திலிருந்த புங்க மரத்தையும் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. "கை நாறுது, வேணாம்" என்றாள். தெருவில் இருந்து நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் என்னை அடிக்க வந்தார். பூவம்மாள்தான், "வுடுறா. இவ கூட்டத்துல வந்து சொல்லட்டும். இங்க சொல்லி என்னத்துக்கு?" என்றாள்.

திங்கட்கிழமை முதல்வரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆய்வக அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்றார். விசாரணை வரும், வேலை போகலாம் என்றார். இரண்டு நாள் கழித்து இளஞ்செழியன் போன் செய்தார். கோபப்படவே இல்லை. "டைப் பண்ணது நீ. என் கை எங்கயும் இல்ல. யோசிச்சுக்க" என்றார். உண்மைதான். எல்லாவற்றிலும் என் கைதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, நான் மாற்றிய எண்ணை எதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பிரதி ஊரில் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி இத்துடன். மூலத்தை நவம்பர் 12ஆம் தேதி கூட்டத்துக்கு நானே கொண்டு வருகிறேன்.

ஒன்று கேட்கலாமா? நீ வருவாயா?

பூர்ணிமா


அதிராம்பட்டினம்
27.10.2025

பூர்ணிமா,

நகல் வந்தது. பக்கம் ஒன்பதில் ஓரம் கிழிந்திருக்கிறதே, அது அன்றைக்கே கிழிந்தது. பதினோராவது கிணற்றில் கயிறு வழுக்கிக் குறிப்பேட்டோடு விழப் பார்த்தேன். மற்றபடி எல்லாம் சரி.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பூவம்மாள் வந்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வருடமாக அவளைப் பார்க்கவில்லை. ஆனாலும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"துப்புனத எடுத்துக்க முடியாதும்மா" என்றாள். "அதுக்கு நான் வரல. கூட்டத்துக்கு வர்றியா, வரலியான்னு கேக்க வந்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று நீ கதை கட்டிக்கொள்ளாதே. எனக்கு அவள் மேலும் கோபம்தான். ஏழு மாதம் சோறு போட்டவள், ஒரே ஒரு காகிதத்தை வாசித்ததும் என்னை விட்டுவிட்டாளே என்ற கோபம். அதைச் சொல்லவும் சொன்னேன். "ஆமா" என்றாள். "நான் எழுத்து தெரியாதவ. எழுத்துல வந்தா நெசம்னு நெனச்சேன்." கடைசிப் பீரியட் மணி அடித்தது. "வர்றேங்க்கா" என்றேன். போய்விட்டாள்.

அதனால் நான் வருகிறேன். நீ கேட்டதற்காக இல்லை.

12ஆம் தேதி காலை பத்து மணி. முதலில் நீ பேச வேண்டும். உனக்குப் பிறகுதான் நான். என்ன எண் இருந்தது, என்ன எண்ணாக மாற்றினாய், யார் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது, உனக்கு என்ன கிடைத்தது. இந்த வரிசையில் சொல். வருத்தப்படுகிறேன் என்று சொல்லாதே, அழாதே. நீ அழுதால் கூட்டம் உன்னைப் பார்க்கும். அவர்கள் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் நடுங்காமல் வாசிக்க உனக்கு வரும் என்று எழுதியிருந்தாய். அது ஒன்றாவது உபயோகப்படட்டும்.

இதனால் அனுமதி நிற்குமா என்று எனக்குத் தெரியாது. இளஞ்செழியன் இன்னொரு பின்னிணைப்போடு வருவான். உன் வேலை போகலாம். போனால் நான் வருத்தப்பட மாட்டேன். சந்தோஷப்படவும் மாட்டேன்.

பட்டுக்கோட்டையிலிருந்து எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதை விட்டால் பத்தரைக்குத்தான் அடுத்தது. ஊர்க்காரர்களுக்கு இடது பக்கம் பெஞ்சு போடுவார்கள். நான் பூவம்மாளோடு அங்கே இருப்பேன்.

வா. ஆனால் என் பக்கத்தில் உட்காராதே.

தஹ்மீனா